கை மிஷினைக் கொடுத்து யுகுலேலே வாங்கி வந்த கதை

காலை ஐந்தே முக்கால், பெரம்பலூர் பஸ் நிலையம். 1982, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மரப்பெட்டிக்குள் ஒரு கைத் தையல் மிஷின். என் மடியை நசுக்கிக்கொண்டிருந்தது. அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டே கால் ரூபாய். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து லக்கேஜ் என்று ஐம்பது பைசா சேர்த்துக்கொண்டார். இதைக் கொடுத்துவிட்டு நான்கு நரம்பு வைத்த குட்டிக் கிதார் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால், என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

அதன் பெயர் யுகுலேலே. திருச்சியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததிலிருந்து அதன் மேல் எனக்குப் பைத்தியம். என் தையல் கடையில் வேலை குறைந்த நேரத்தில் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பேன். போன மாதம், கல்யாணத்துக்கு வந்த இடத்தில் சட்டை கிழிந்து என் கடைக்கு வந்த சவரிமுத்து அண்ணன் அதைக் கேட்டபடி நின்றார். வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். தன் வீட்டில் பினாங்கிலிருந்து வந்த சின்னக் கிதார் சும்மா தொங்குகிறது, யாரும் தொடுவதில்லை, மனைவி கை மிஷின் கேட்கிறாள், மாற்றிக்கொள்ளலாமா என்றார். என்னிடம் கால் மிஷின் ஒன்று, பழைய கை மிஷின் ஒன்று. என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அதையும் சம்மதம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போன பாதையெல்லாம் வெள்ளைத் தூசி. நான்கு இட்லியும் டீயும் சாப்பிட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தேன். உட்கார இடமில்லை, பெட்டியின் மேலேயே உட்கார்ந்து போனேன். அங்கிருந்து டவுன் பஸ். வழியெல்லாம் செம்மண், முந்திரி பூத்திருந்தது. அந்த இனிப்பு வாசனையில் முதுகு வலியைக் கொஞ்சம் மறந்தேன்.

பத்தரைக்கு வரதராஜன்பேட்டை. பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்த அண்ணன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி மேரி அக்கா மோர் கொடுத்தார். பிறகு மிஷினைத் திறந்து, ஒரு துண்டுத் துணியில் தையல் ஓட்டி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் சுவரிலிருந்து யுகுலேலேயை எடுத்து என் கையில் வைத்தார்.

உடுப்பைப் பார்த்தாலே அது எவ்வளவு உடுத்தப்பட்டது என்று தையல்காரனுக்குத் தெரிந்துவிடும். இதில் தூசியே இல்லை. விரல் வைக்கும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அக்காவின் இடது கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. வலது கையில் வளர்ந்திருந்தன. அண்ணன் எனக்காக இளநீர் வெட்டக் கொல்லைக்குப் போனதும், நீங்கள் வாசிப்பீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"மத்தியானத்துல வாசிப்பேன் தம்பி, அவரு தோப்புக்குப் போன பெறகு" என்றார். "கட்டிக்கிட்டு வந்தப்ப பினாங்குலேந்து கொண்டாந்தது. அவரு கேக்கல, நான் சொல்லல."

"அப்பறம் ஏன்க்கா குடுக்கறீங்க?"

"எனக்குன்னு ஒரு தொழில் வேணும். என் பொருளுன்னு குடுக்கறதுக்கு இது ஒண்ணுதான இருக்கு."

இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, மிஷினுக்குப் பணம் மெதுவாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் யுகுலேலே என் கையில் இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கீழே வைக்கவில்லை.

சாப்பிட்டுக் கிளம்பும்போது அக்கா அதைக் கேட்டு வாங்கினார். நரம்பை இறுக்கும் முறுக்காணியைத் திருகி, ஒரு நரம்பை மட்டும் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டார்.

"ஏ, மூளியாவா குடுப்ப?" என்று அண்ணன் பதறினார்.

"மாட்ட வித்தா கயித்தயும் சேத்தா குடுக்கறோம்?"

அண்ணன் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாடு விற்கிறவர் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்குகிறவர்தான் வேறு கயிறு கொண்டுவர வேண்டும். கயிறு வீட்டில் இருந்தால் அடுத்த மாடு வரும் என்பது நம்பிக்கை. ஒரு நரம்பு போனதில் எனக்கு வருத்தமில்லை, மனசு லேசானது. யுகுலேலே திருச்சியில் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று அக்கா கேட்டார். சொன்னேன். விலையையும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப அண்ணன் வந்தார். யுகுலேலேயை அவரே தூக்கி வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக அதை நீட்டினார், பிடியை விடவில்லை.

"டெய்லரே, அவ அந்தத் திருகாணிய அவுத்தத பாத்தீங்களா? பழகின கையி. அவ வாசிப்பாளா?"

எனக்குப் பொய் வரவில்லை. "வாசிப்பாங்கண்ணே."

"நல்லா வாசிப்பாளா?"

"நான் கேட்டதில்லண்ணே."

"நானும் கேட்டதில்ல" என்றார்.

டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் கையை எடுத்தார். பஸ் திரும்பும் வரை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆறரைக்குப் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட பொருள் கையில் இருந்தது; வழியில் ஒரு தடவைகூட மீட்டிப் பார்க்கவில்லை. மனைவி கால் மிஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். யுகுலேலேயைக் காட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேட்டேன்: நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் என்ன செய்வாள்?

மிஷின் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி ஒம்பது வருசம் ஆச்சு" என்றாள். "உக்காருங்க, சொல்றேன்."