நானூற்றுப் பன்னிரண்டு பேர்

கண்காட்சி வட்டாரத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர். பாக்கெட் ஒட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் ஸ்டாலில் நின்றவர். வருகிறவர் நீட்டும் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொள்வார். ஆள் நகர்ந்ததும் அதன் முதுகில் பொடி எழுத்தில் குறிப்பார்: 'முழங்கால் வலி, உட்கார வைத்துப் பேசு', 'தம்பி தலையாட்டினால்தான் வாங்குவார்'. மறு வருடம் அதே ஆள் வந்தால் முதலில் முழங்காலை விசாரிப்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. சும்மா சொல்லக்கூடாது, கம்பெனி அதில்தான் வளர்ந்தது.

முதலாளி படுத்த படுக்கையானதும் மகள் பொறுப்புக்கு வந்தாள். பாப்பா என்று கூப்பிட்ட வாயால் மேடம் என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். இப்போது யாரும் கார்டு கொண்டுவருவதில்லை. கழுத்தில் தொங்கும் நுழைவு அட்டையைச் செல்போனில் ஸ்கேன் செய்தால் போதும், ஆளின் விவரம் கம்பெனிக்குப் போய்விடும். சென்ற முறை மற்ற ஸ்டால்காரர்கள் நூற்றுக்கணக்கில் அள்ள, இவர் தேற்றியது அறுபத்தொன்று. இந்த முறை மூன்று நாளில் நானூறு வராவிட்டால் கிடங்குக்குத்தான் என்று மேடம் சொல்லிவிட்டாள். இந்த வயதில் பெட்டி அடுக்குவதா என்று மனைவியிடம் புலம்பினார். எல்லாரும் செய்வதைத்தானே கேட்கிறார்கள், செய்துவிட்டுப் போங்களேன் என்றாள் அவள்.

செய்தார். பேச்சை அடியோடு நிறுத்தினார். அட்டை, ஸ்கேன், ஒரு நன்றி, அடுத்தவர். இலவசப் பைக்காக வந்த மாணவர்கள், பக்கத்து ஸ்டால் காவலாளி, ஒருவரையும் விடவில்லை. மூன்றாம் நாள் மாலை எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு. தலை தப்பியது என்று மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார், பாவம்.

மறு வாரம் பட்டியலோடு உட்கார்ந்தார். பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. இருநூற்றுப் பதினேழாவது பெயரில் விரல் நின்றது. பிஸ்கட் கம்பெனிக்காரர். பதினைந்து வருட வாடிக்கை, அந்த முழங்கால் வலிக்காரரேதான். உடனே போன் போட்டார்.

"வந்தேன் அட்டைக்காரரே," என்றார் அவர். "புது ஃபேக்டரிக்கு ஆறு மெஷின் சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க என் நெஞ்சுல தொங்குன அட்டைய மட்டும் பாத்தீங்க. தேங்க்யூ சார்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க. நிமிந்து பாப்பீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன். கால் வலிச்சுது. எதிர் ஸ்டால்ல நாற்காலி போட்டாங்க."

அதைச் சொல்லிவிடத்தான் மேடத்தின் அறைக்குப் போனார். இவர் வாயைத் திறக்குமுன் அவள் பாராட்டினாள்.

"நானூறத் தாண்டிட்டீங்களே அங்கிள். இவ்வளவு சுலபம்னா அடுத்த வருஷம் மேசைல ஒரு மெஷின் வெச்சிடலாம். வர்றவங்களே அட்டையக் காட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க எதுக்கு நின்னு கஷ்டப்படணும்? கிடங்கப் பாத்துக்கோங்க."

அப்படியானால் வருகிறவர்களோடு யார் பேசுவது என்று கேட்க வாயெடுத்தார். அந்த மூன்று நாளில் தான் யாரோடு பேசினோம் என்று யோசித்தார். சரிங்க மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.