துரைசானிக்குப் பதிலாக ஊர் பார்த்தவள்

மரியகுழந்தைக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தங்க வயலில் அவள் குடியிருந்த தொழிலாளர் லைன் முழுக்க இது தெரிந்த சங்கதி. அடுப்பில் உலையை வைத்துவிட்டுக் கோயில் வரைக்கும் போய் வருவாள். சோற்றை வடித்த கையோடு சந்தைக்குக் கிளம்புவாள். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மத்தியானம் எல்லாப் பெண்களும் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும்போது இவள் மட்டும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "வூட்ல குந்தினா மூச்சு முட்டுது" என்பாள், அவ்வளவுதான்.

புருஷன் மாணிக்கராஜ் நேர் எதிர். குடியாத்தம் பக்கத்திலிருந்து அவனைக் கிளப்பிக்கொண்டு வந்ததே அவள்தான். வந்தபின் அவன் வேறெங்கும் போக ஆசைப்படவில்லை. ஷிப்ட் சங்கு ஊதினால் கேஜ் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவான். மேலே வந்தால் குளித்துச் சாப்பிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வான். பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதையும் புதைத்துவிட்டு வந்த பிறகு மரியகுழந்தையின் நடை இன்னும் கூடியது. பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, சுரங்க எஞ்சினீயர் ட்ரெவெனா துரையின் பங்களாவில் அவளை ஆயா வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

அங்கே குழந்தை கிடையாது. துரைசானி மட்டும்தான். துரைசானிக்கும் வீட்டில் கால் தரிக்காது. குடையைப் பிடித்துக்கொண்டு பாறைகளின் மேல் ஏறுவாள், தொப்பி பறக்க இறங்குவாள். மற்ற வேலைக்காரர்கள் அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார்கள். மரியகுழந்தை முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து இருவரும் சோடியாகத்தான் நடந்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் துரைசானி தமிழும் பேசக் கற்றுக்கொண்டாள், அதுவும் லைன் தமிழ்.

பிறகு துரைசானிக்கு இருமல் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க விடவில்லை. நெஞ்சில் கோளாறு, இந்தத் தூசு ஆகாது, சுவிஸ் தேசத்து மலைக்காற்றுதான் மருந்து என்று டாக்டர் சொன்னார். துரைக்கு வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. துணைக்கு யார் வருவது என்ற பேச்சு எழுந்ததுமே மரியகுழந்தை, "நான் வர்றன் தொரசானி" என்றாள்.

அன்று சாயங்காலம் மாணிக்கராஜிடம் சொன்னாள்.

"சுவிஸ்னு ஒரு தேசம் கீதாம். கப்பல்ல போவணும். ஊரே மலையாம்."

"எத்தினி நாளு?"

"தொரசானிக்கு ஒடம்பு தேறுற வரைக்கும்."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் வாணாம்னா நின்னுடுவியா?"

"மாட்டன்."

"அப்பறம் இன்னாத்துக்கு மே கேக்கற? பாத்துப் போ."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம், வெயில் தொடங்கும் மாதத்தில் கிளம்பினார்கள். பம்பாயில் கப்பலேறி ஜெனோவாவில் இறங்கி ரயில் பிடித்தார்கள். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரயில் ஒரு மலைக்குள் நுழைந்தது. நுழைந்தது வெளியே வரவே இல்லை. விளக்கு மங்கலாக எரிந்தது, கரிப்புகை கண்ணாடிச் சந்து வழியே உள்ளே வந்தது. துரைசானி தூங்கிக்கொண்டிருந்தாள். மரியகுழந்தையால் உட்கார முடியவில்லை. கதவுப் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். இத்தனை வருஷம் புருஷன் காலையில் போய் மாலையில் வருகிற இடத்தை ஒரு நாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. தலைக்கு மேல் ஒரு மலையே உட்கார்ந்திருக்க, எப்படி அந்த மனுஷனுக்குச் சுவரில் சாய்ந்து தூங்க முடிகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். வெளிச்சம் வந்தபோது கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

லூசர்ன் என்ற ஊரில், ஏரியைப் பார்த்த ஓட்டலில் தங்கினார்கள். கோடை முழுக்க அந்தத் தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவதாகத் துரைசானி மனதுக்குள் திட்டம் போட்டிருந்தாள். சிவப்பு அட்டை போட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கப்பலிலேயே நெட்டுருப் போட்டுவிட்டாள். ஆனால் ஓட்டல் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்தாள். வந்து பார்த்த டாக்டர், படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் ஜன்னலை வெறித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் புத்தகத்தை விரித்து மடியில் வைத்தாள்.

"மரியா, நீ போ. போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"நானா? தனியாவா?"

"ஒனக்குத்தான் குந்த முடியலையே. எனக்கும் முடியல. யாராவது ஒருத்தர் போவணும்."

மரியகுழந்தை புடவைக்கு மேல் துரைசானியின் பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஓட்டல் வாசல்காரன் இத்தாலிக்காரன். தங்க வயலிலும் இத்தாலிக்காரச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்ததால் அவளுக்கு அந்தப் பாஷையில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை வரும். அவன் கையைக் காட்டி வழி சொல்வான். ரயிலானால் கார்டிடம் ஒப்படைப்பான்.

முதலில் சிங்கத்தைப் பார்த்தாள். குன்றையே குடைந்து செய்த பெரிய சிங்கம், விலாவில் ஈட்டி ஒடிந்து கிடக்க, குளத்தின் மேல் படுத்துச் செத்துக்கொண்டிருந்தது. அயல் தேசத்து ராஜாவிடம் சம்பளத்துக்குப் போய் அவருக்காகவே மடிந்த சிப்பாய்களின் ஞாபகமாம். "மூஞ்சிதான் சிங்கம். கண்ணு மனுசன் கண்ணு, தொரசானி. ஊரு விட்டுப் போயி செத்தவன் கண்ணு" என்று வந்து சொன்னாள்.

அடுத்து, ஆற்றின் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம். கூரைக்கடியில் வரிசையாகப் படங்கள். அண்ணாந்தபடியே நடந்ததில் யார் யார் மேலோ மோதிக்கொண்டாள். ரிகி மலைக்குப் பல்சக்கர ரயிலில் போனாள். எஞ்சின் பின்னால் நின்று பெட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஏறியது. உச்சியில் பனி மலைகள் கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. இந்நேரம் புருஷன் பூமிக்குள் எந்த லெவலில் இருப்பானோ என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் விடியலில் கிளம்பி ரைன் ஆற்று அருவிக்கும் போனாள். நடுவிலிருந்த பாறைக்குப் படகில் கொண்டுவிட்டார்கள். நாலு பக்கமும் தண்ணீர் இரைய, அங்கே நின்றபோதுதான் கால்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன.

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது.

"தண்ணி என்ன நிறம்?"

"பச்சை. விழுந்தா வெள்ளை."

"புத்தகத்துல இடிமுழக்கம்னு போட்டிருக்கு."

"இடி ஒரு தடவ இடிக்கும், வுட்டுடும். இது வுடாது. நம்ம ஊரு கல்லிடிக்கிற ஸ்டாம்ப் மில்லு கணக்கா."

துரைசானி சிரிப்பாள், பிறகு இருமுவாள். கதை முடிந்ததும் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு ஆறவில்லை. எவ்வளவு பார்த்தாலும் இவளுக்கும் ஆறவில்லை.

ஒரு கடை ஜன்னலில் மரியகுழந்தை அந்தப் படத்தைப் பார்த்தாள். சரிகை உடுப்பு, பொன் கிரீடம், கையில் பாலன். மாதாதான், சந்தேகமில்லை. முகம் மட்டும் கறுப்பு. தன்னைவிடக் கறுப்பு. வாசல்காரனைக் கேட்டதற்கு, ஐன்சீடெல்ன் என்ற ஊரில் இருப்பதாகச் சொன்னான். துரைசானியிடம் வந்து கேட்டாள். துரைசானி வேறு சபைக்காரி, சுரூபம் கும்பிடாதவள். "அது வேண்டாம். நாளைக்கு ஸ்டீமர்ல போ. ஏரிக்கரையில ஒரு வில்லாளி பேர்ல சின்னக் கோயில் இருக்கு, அதைப் பாரு" என்றாள்.

மறுநாள் மரியகுழந்தை படகுத்துறைப் பக்கமே போகவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

இரண்டு இடத்தில் வண்டி மாறவேண்டியிருந்தது. கார்டுகளிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். பெரிய கோயிலுக்குள் கறுப்புக் கல்லில் சின்னக் கோயில் ஒன்று. அதற்குள் மாதா. மலைநாட்டுக் குடியானவப் பெண்கள் கறுப்பு முக்காடிட்டு முழங்காலில் இருந்தார்கள். மரியகுழந்தையும் முழங்காலிட்டுத் தமிழில் மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள். மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொன்னாள். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்தாள், மாதாவின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக அவள் கையைத் தொட்டாள். என்னவோ சொல்லி எழுந்து, முன்வரிசையில் இடம் விட்டாள். அடுத்தவளும் விலகினாள். கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் மாதாவை விட்டுவிட்டு இவளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மரியகுழந்தைக்கு உடம்பு கூசியது. சொல்ல வந்ததில் பாதியை மாதாவிடம் சொல்லாமலே எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்தப் பதற்றத்தில் தப்பான வண்டியில் ஏறி, இறங்கி, மறு வண்டிக்குக் காத்து நின்றதில் பொழுது சாய்ந்துவிட்டது.

லூசர்ன் வந்து சேர்ந்தபோது வாசல்காரன் ஓடிவந்தான். துரைசானியை அப்போதுதான் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்திருந்தார்கள். ஸ்டீமர் ஒவ்வொன்றாக வந்ததாம், எதிலும் ஆயா இறங்கவில்லையாம். ஏரியில் விழுந்துவிட்டாள் என்று பயந்து, யார் சொல்லியும் கேட்காமல், படுக்கை உடுப்போடு படகுத்துறையில் குளிர்காற்றில் நின்றாளாம். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

மரியகுழந்தை கட்டில் அருகே நின்றாள்.

"எங்க போன?" துரைசானியின் குரல் எழவில்லை.

"மாதா கோயிலுக்கு. நீங்க வாணாம்னீங்க. கால் கேக்கல."

துரைசானி கண்ணை மூடிக்கொண்டாள். வேலையை விட்டுப் போ என்று சொல்வாள் என மரியகுழந்தை காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடைசி ஸ்டீமர் மணியடித்தது.

"சொல்லு," என்றாள் துரைசானி கடைசியில். "எப்படி இருக்கா அந்த மாதா?"

"நம்ம லைன்ல தண்ணி எடுக்க வர்ற பொம்பள மாரி கீறா. பட்டு கட்டிவுட்டிருக்காங்க. அவளுக்கு அது பழக்கமில்லாத மாரி நிக்கிறா." இதைச் சொல்லும்போதே மரியகுழந்தைக்கு அழுகை வந்துவிட்டது. துரைசானி அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு ஊர் பார்ப்பது நின்றது. அந்த வாரமே துரைசானியைத் தாவோஸ் மலையிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே வைத்தியமே படுத்திருப்பதுதான். கம்பளிக்குள் சுருண்டு, திறந்த மாடத்தில், பனியைப் பார்த்தபடி நாள் முழுக்க அசையாமல் கிடக்க வேண்டும். பக்கத்தில் மரியகுழந்தையும் நாற்காலியில் இருக்க வேண்டும். அந்தக் குளிர்காலம்தான் அவள் வாழ்நாளில் பட்ட கஷ்டங்களிலேயே பெரியது என்று பின்னாளில் சொல்வாள். கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னினாள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றும்போதெல்லாம் கைக்குட்டை ஞாபகம் வரும். உட்கார்ந்துகொள்வாள்.

துரைசானி பிழைத்தாள். ஆனால் தங்க வயல் தூசு இனி அவளுக்குக் கூடாது என்றார்கள். பனி உருகியதும், இந்தியாவுக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தோடு மரியகுழந்தையை அனுப்பிவைத்தாள். ரயிலடிக்கு வர அனுமதியில்லை. மாடத்திலிருந்தே கையை ஆட்டினாள்.

மாணிக்கராஜ் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின், லைன் பெண்கள் கூடி உட்கார, அவள் சிங்கம், பாலம், மலை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரோரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் போனபிறகு கேட்டான்.

"அந்த அருவி சொன்னியே, அந்த மாரி நம்ம பக்கம் கிடையாதா?"

"சிவசமுத்திரம் கீது. அங்கருந்துதான் நம்ம சொரங்க ஷாஃப்டுக்குக் கரண்டு வருதாம்."

"நீ பாத்துக்கீறியா?"

"இல்ல."

"லீவு கேக்கறன்," என்றான்.

அவள் நம்பவில்லை. ஆனால் ஆடி மாதம் காவிரி நிரம்பி ஓடியபோது இருவரும் மத்தூர் வரை ரயிலிலும் அங்கிருந்து மாட்டுவண்டியிலும் போனார்கள். அருவிக்கு எதிரே ஒரு பாறை. மாணிக்கராஜ் அதன்மேல் குந்தி, வாயைத் திறந்தபடி பார்த்தான். சாரல் அவன் முகத்தை நனைத்தது, துடைக்கவில்லை.

"அங்க அகலம்," என்றாள் அவள். "இங்க உசரம்."

"உம்."

அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கால்விரலால் மணலைக் கீறினாள். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றும் தீவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு அருவி இருப்பதாக வண்டிக்காரன் சொல்லியிருந்தான். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு முறை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

மாணிக்கராஜ் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நட மே," என்றான். "எந்தப் பக்கம்?"