மரத் துப்பாக்கியும் என் கையெழுத்தும்

எங்கள் மாமா துப்பாக்கி செய்து பிடிபட்டவர் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போன வருஷம் ஆக்லாந்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அப்படிச் சொன்னார். மாமா செய்தது மரத்தால். குழல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது உருட்டிச் செதுக்கிய கட்டை. அதில் எறும்பு நுழையக்கூட ஓட்டை கிடையாது. அதைச் செய்யச் சொன்னதும் பட்டாளத்துக்காரர்தான். இதைப் பந்தியிலேயே எழுந்து நின்று சொன்னேன். அவர் மோர் கேட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஃபிஜியில், ராக்கிராக்கிப் பக்கம் பினாங்கு என்ற சர்க்கரை மில்லில் ஃபிட்டர். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கரும்பு நசுக்கும் உருளைகளின் பக்கத்தில் நின்று, சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வெள்ளைக்கார இன்ஜினியர்களே அவரைக் கூப்பிட்டுக் கேட்டதாக அப்பா பெருமையாகச் சொல்வார்.

அதைச் செய்யச் சொன்ன சார்ஜன்ட் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு ஜீப்பின் உடைந்த பாகத்தோடு. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜியர் கிராமத்துக்காரர். ஐ.நா. அமைதிப் படையில் இரண்டு தடவை வெளிநாடு போய்வந்தவர். மாமா மில்லின் கடைசல் இயந்திரத்தில் அந்தப் பாகத்தைச் செய்துகொடுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மாமரத்தடியில் பாய் விரித்து, லேசாக மயக்கம் தரும் யங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டையில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு இருவரும் இந்தியில் பேசுவார்கள். அம்மா வைத்த மீன் குழம்பை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் ஊர்ப் பையன் ஒருவன் செத்த கதையைச் சொன்னார். வெளிநாட்டில் அவர்கள் காவல் இருந்த சாவடியை, எதிர் மலையில் இருந்து யாரோ ஒருவன் சுட்டுக்கொண்டே இருந்தானாம். பையனிடம் இருந்தது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ளிக் குண்டேற்றும் துப்பாக்கி. அது நேராகச் சுடும். ஆனால் இழுக்கும்போது கண் தொலைநோக்கியை விட்டு விலகிவிடும். முதல் குண்டு தப்பியது. இரண்டாவதை ஏற்றிவிட்டு அவன் மறுபடி கண்ணை வைப்பதற்குள் மலையில் இருந்தவன் சுட்டுவிட்டான். தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியும் இருந்தது. ஆனால் உள்ளே இரும்பு ஓடி மோதுகிற அதிர்ச்சியில் தொலைவில் உள்ள குறி தப்பிவிடும் என்றார்.

“ரெண்டும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும். உன்னால யோசிக்க முடியுமா?” என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து மாமாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அதிர்ச்சி என்பது அவர் தினமும் மில்லில் பார்க்கிற எதிரி. குழல் எந்த மரத்தையும் தொடாமல் நிற்க வேண்டும் என்றார். உள்ளே ஓடுகிற பாகம் எடை குறைந்ததாக, ஒரே கோட்டில் போய்வர வேண்டும் என்றார். சுடுகிறவன் கன்னத்தை எடுக்காமலே இருக்க, கட்டையை எந்த உயரத்தில் வைப்பது என்று பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மஹோகனியில் ஒரு மாதிரியைச் செதுக்கினார். முன்பக்கம் கனத்துவிட்டது. அதை விறகாக்கிவிட்டு இன்னொன்று செய்தார். அதில் கன்னக்கட்டை உயரம். மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது.

யோசனைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்தார். கீழே ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டும், மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று சார்ஜன்ட் சொன்னார். மாமாவின் ஆங்கிலம் எழுத்துக்கு எழுத்து நொண்டும். எனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கும் ஆங்கிலக் கட்டுரைக்கும் பரிசு வாங்கியவள். அவர் தமிழும் இந்தியும் கலந்து சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் என் சாய்ந்த எழுத்து. அது யாருடைய புத்தகம் என்று கேட்டிருந்தால், ‘எங்களுடையது’ என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். சார்ஜன்ட் மூன்று பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போய், அதிகாரி தலையாட்டினார், இன்னும் கேட்கிறார் என்று வந்து சொன்னார். அன்றைக்கு மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

1987 மே மாதத்தில் ஒரு நாள் பாதி வகுப்பில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைநகர் சுவாவில் முகமூடி போட்ட பட்டாளத்தார் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, ஆட்சி அமைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஓட்டுப் போட்ட அரசாங்கம். ஓட்டுப் போட்டதே குற்றம் என்பது போல் ஆகிவிட்டது. நாலு தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்களைப் பார்த்து, ஊருக்குப் போங்கள் என்றார்கள். எந்த ஊருக்கு? சார்ஜன்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இந்தியர்கள் வீடுகளில் ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு பிற்பகல் எங்கள் முற்றத்தில் லாரி வந்து நின்றது. ஐந்து பேர். பூட்ஸோடு உள்ளே வந்து அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். சாமி படங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் மாமாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து மரத் துப்பாக்கியை இழுத்தான்.

“இது என்ன?” என்றான் இந்தியில்.

“விளையாட்டுச் சாமான், சார். பாப்பாவுக்காகச் செஞ்சது” என்றார் மாமா, சிரித்தபடி.

அவனும் சிரித்தான். தோளில் வைத்துக் குறிபார்த்து, “டிஷ்யூம்” என்றுகூடச் சொன்னான். கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான், போயிருப்பார்கள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. விளையாட்டுச் சாமானா? ஒன்றரை வருஷ வேலை! சார்ஜன்ட்டின் ஊர்ப் பையன் செத்ததற்காக நாங்கள் யோசித்துச் செய்தது! அதுவும் உங்களுக்காக! அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை ஓடிப்போய் எடுத்து வந்து அவன் கையிலேயே கொடுத்தேன். “விளையாட்டு இல்ல. பாரு” என்றேன்.

அவன் புரட்டினான். சிரிப்பு போய்விட்டது. மற்ற நாலு பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“கோன் லிகிஸ்?” என்று கேட்டான். யார் எழுதியது?

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தி, அப்படியே அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மாமாவின் குரல் மட்டும் கேட்டது: “நான்தான் எழுதினேன்.”

லாரி போனபோது மாமா அதில் இருந்தார்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு கட்டு யங்கோனா வேரை வாங்கிக்கொண்டு சார்ஜன்ட்டின் கிராமத்துக்குப் புறப்பட்டார். நானும் போவேன் என்று அடம்பிடித்துப் போனேன். கேட்டு வந்தவன் கொண்டுவந்த வேரை வாங்கிக்கொண்டால், அவன் கேட்டதையும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சார்ஜன்ட் சீருடையில் வெளியே வந்தார். அப்பா கட்டைக் கீழே வைத்து, நடந்ததைச் சொன்னார். சார்ஜன்ட் அதை எடுக்கக் குனியவே இல்லை.

“எனக்கு அந்த ஆளைத் தெரியாது” என்றார்.

“எங்க வீட்ல மீன் குழம்பு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னீங்களே!” என்று கத்தினேன். அப்பா என் கையை நசுக்கினார்.

சார்ஜன்ட் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார்: “இவளை வெளியே கூட்டிக்கிட்டுத் திரியாதே. வீட்டுல இவ ஸ்கூல் நோட்டு எதுவும் இருக்கக் கூடாது. போ.”

வேர்க்கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் நோட்டுகளை எல்லாம் எடுத்துப் போய் முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். பரிசு வாங்கிய கட்டுரையும் அதில் இருந்தது; டீச்சர் சிவப்பு மையில் போட்ட நட்சத்திரம் சுருண்டு கருகியது. நான் மண்ணில் புரண்டு அழுதேன். பொய் சொன்ன சார்ஜன்ட் சொன்னதைக் கேட்டுத் தன் பிள்ளையின் புத்தகத்தைக் கொளுத்துகிற அப்பா உலகத்தில் உண்டா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மாமாவை மில் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. இரண்டு விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. ஒரு ஃபிட்டரின் வலது கை. இதற்கு ஒரு விசாரணை உண்டா, ஒரு மன்னிப்பு உண்டா, ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா? கிடையாது.

அம்மா வெந்நீர் வைத்தாள். மாமா சுவரில் சாய்ந்துகொண்டு அப்பாவிடம் விட்டு விட்டுச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“துப்பாக்கிய பத்திக் கேக்கவே இல்ல, மச்சான். எழுதுனது யாரு, எழுதுனது யாருன்னுதான். இவ்ளோ நல்ல இங்கிலீஷ் ஒரு ஃபிட்டருக்கு வராதாம். பின்னால படிச்சவன் ஒருத்தன் இருக்கானாம், பேரச் சொல்லணுமாம். நான்தான்னேன். எழுதிக் காட்டுன்னானுங்க. எழுதுனேன். அப்புறம்தான் கைய...”

அப்பா அவர் கைத்துணியின் முடிச்சை மெல்ல அவிழ்த்தார்.

“கடசில ஒரு ஆபீசர் வந்தாரு. பொஸ்தகத்தப் பாத்தாரு. இத ஒரு மில்லுக்காரன் யோசிச்சிருக்க முடியாது, வெளிநாட்டுப் பொஸ்தகத்தப் பாத்து வரைஞ்சிருக்கான், எழுத்தயும் எவனோ பாத்து எழுதிக் குடுத்திருக்கான்னாரு. ஆமா சார், காப்பிதான் சார், கடத்தெருவுல எவனோ எழுதிக் குடுத்தான், பேரு தெரியாதுன்னேன். பொஸ்தகத்த வச்சிக்கிட்டு விட்டுட்டானுங்க.”

பிடித்ததும் அநியாயம், விட்டதற்குச் சொன்ன காரணம் அதைவிட அநியாயம். மூன்று மாதிரி செதுக்கி, ஒன்றரை வருஷம் யோசித்த மனுஷனுக்கு அந்த யோசனை சொந்தமாக இருக்க முடியாதாம். அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்களா, இல்லையே. பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். சார்ஜன்ட் கொண்டுபோன நகலைப் பார்த்துத் தலையாட்டியவரும் இந்த ஆபீசரும் ஒரே ஆள்தானா என்று எனக்குத் தெரியாது. ஒரே ஆளாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற அந்த ஒன்பது வயசுக்காரியின் கோபம் வேறு. அவள் காதில் விழுந்தது இரண்டே செய்தி. மாமா முதலில் என் எழுத்தைத் தன்னுடையது என்றார். பிறகு கடைத்தெருவில் எவனோ எழுதியது என்றார். மூன்று முழு நாள் இருந்தும் என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மில்லில் இனி அந்தக் கைக்கு வேலை இல்லை. சில மாதங்களில் நியூசிலாந்தில் இருந்த தூரத்துச் சொந்தம் ஒன்று மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டது. புறப்படுகிற காலையில் நாந்தி விமான நிலையத்துக்குப் போகும் டாக்சி முற்றத்தில் நின்றது. அம்மா அழுதாள். மாமா இடது கையால் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, நான் நின்றிருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தார்.

“மாமா போய்ட்டு வரேன், பாப்பா.”

“அது என்னோட எழுத்து” என்றேன். “யோசன உங்களோடது. ரெண்டையும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க.”

அவர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

“ஆமா பாப்பா. உன் எழுத்துதான். யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?”

செய்ததையும் செய்துவிட்டு என் வாயையும் அடைக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைத் தொட்டியின் பக்கம் திருப்பிக்கொண்டேன். டாக்சி கிளம்பி, கரும்புக்கு நடுவே போகிற ரோட்டில் சத்தம் தேய்ந்து மறையும்வரை, நான் திரும்பவே இல்லை.