சிவப்பு விளக்கும் என் அப்பாவும்

அந்துவான் அண்ணன் இறந்த சேதி எனக்குக் கைச்சாடையாக வந்தது. தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. நாலு தறி தள்ளி நின்ற கோவிந்தன் சிலுவை போட்டுக் காட்டினான், திருப்புளியைத் திருகுவதுபோல் விரல்களைத் திருகினான், பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்தான். எங்கள் மில்லில் சிலுவை போடும் எலக்ட்ரீசியன் அவர் ஒருவர்தான். எனக்கு முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, பயம். இனி என் அப்பாவை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வேன் என்ற பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்துவான் அண்ணனைத் தெரிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நெல்லித்தோப்பில் என் வீட்டில் அப்பா நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம் வலது பக்கத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டது. எனக்கோ தறிச்சத்தத்தில் காது போய்ப் பல வருஷம். நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கும் என் மனைவி கஸ்தூரிக்கும் பாதிக் காதுதான். ஆளுக்கொரு ஷிப்டாக மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்டோம். கூப்பிட முடியாத ஒருவர், கேட்க முடியாத இரண்டு பேர், என்ன குடும்பம் பாருங்கள். அரியாங்குப்பத்திலிருந்து வந்த என் கூடப்பிறந்த அண்ணன், "கன்னியாஸ்திரிங்க நடத்துற இல்லத்துல உட்டுடலாம்டா. அங்க ராப்பகலா ஆள் இருக்கும்" என்றார். அதைக் கேட்ட அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களைப் பிரிக்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் அந்துவான் அண்ணனிடம் சொன்னேன். சொன்னேனா அழுதேனா, ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சட்டைகூட மாற்றாமல் வந்துவிட்டார். அப்பா கைக்கு ஒரு பொத்தான், அடுக்களையில் ஒரு மணி. சோதித்தும் பார்த்தோம். எப்படி? மில்லில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அதேபோல் இரண்டு பேரும் மணிமேல் கை வைத்துப் பார்த்தோம். அதிர்ந்தது. "வொலா" என்றார் அண்ணன். பிரெஞ்சில் அவருக்கு மிச்சமிருந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று, 'இதோ ஆச்சு' என்று அர்த்தம்.

திங்கட்கிழமை நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அஞ்சலை ஓடிவந்து என் தோளை உலுக்கிக் காதுக்குள் கத்தினாள். "காலைலேருந்து மணி அடிக்குது, தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கலயா?" உள்ளே அப்பா தரையில் கிடந்தார். நெற்றி கிழிந்திருந்தது, வேட்டி நனைந்திருந்தது. கை மட்டும் பொத்தானை விடவில்லை.

சேதி கேட்டு வந்த அந்துவான் அண்ணன் கட்டிலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "செவுட்டுப் பயலுக்குச் செவுட்டுப் பய மணி கட்டிக் குடுத்துருக்கேன். என்னச் செருப்பால அடி." பிறகு அப்பாவை நாற்காலியில் சாய்த்துவிட்டு, தன் வலது கையைத் துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தார். எழுந்ததும் சொன்னார்: "படுத்துப் பாக்காம செஞ்சேன் பாரு, அதான் தப்பு."

பொத்தான் போய், உள்ளங்கை பட்டாலே போதும் என்று அகலமாக ஒரு தட்டு கட்டில் ஓரத்தில் வந்தது. மணி போய், சிவப்பு விளக்குகள் வந்தன. அடுக்களையில், பின்கட்டில், கக்கூஸ் சுவரில்கூட. கரண்டு போனால் எரிய டார்ச் பேட்டரியில் தனியாக ஒன்று. மாதம் ஒரு ஞாயிறு வந்து, உப்புக்காற்றில் கறுத்த கம்பிகளைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போவார். போகும்போது, "பெரியவரே, கூச்சப்படாம கூப்புடுங்க. கூப்புடறது உங்க வேல, வர்றது அவன் வேல" என்பார். அப்பா கோணிய வாயால் சிரிப்பார்.

அந்துவான் அண்ணனுக்குச் சாகிற வயதே இல்லை. மாரடைப்பு. அடக்கம் முடிந்து வந்து அப்பாவிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலைக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தவன், மதியம்வரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஈரத்துணியில் விழித்தபடி கிடக்கிறார், தொடை சிவந்து கன்றியிருக்கிறது. தட்டை அழுத்திப் பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

"ஏம்பா கூப்டல?" என்று கத்தினேன். பெற்ற தகப்பனிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அப்பாவின் உதடு அசைந்தது. உதட்டைப் படிக்க எனக்கு மில் கற்றுக்கொடுத்திருக்கிறது.

"தட்டு தேஞ்சிடும்டா. அவருதான் இல்லியே, இனிமே யாரு செய்வா?"

நாலு வருஷம் என் அப்பா கூப்பிட்டார், நான் போனேன். அந்துவான் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதையும் எத்தனை நாள் காப்பாற்றுவேனோ தெரியவில்லை. இப்போது அரைமணிக்கொரு தடவை நானே போய்ப் பார்க்கிறேன். அப்பா தட்டின் மேல் பட்டுவிடாமல் கையை மார்மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.