தெரியாது என்று சொன்ன ரூத் அக்கா

காலைப் பூசைக்குப் பூப் பறித்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. தாதி ரூத் அக்கா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், தன் வீட்டில், நித்திரையிலேயே போய்விட்டாராம். பூத்தட்டுடன் படியில் இருந்துவிட்டேன்.

முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரை உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் சேர்ந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மா. எது யாருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியாது. அரியாலையில் எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்த அன்று என் கணவர் கேட்டார்:

"அப்ப எனக்கு மாவைத் தந்து ஏமாத்திறியளோ?"

"இருக்கலாம் ஐயா. எனக்கே தெரியாது."

"நீங்கள் உந்த மாத்திரையைக் குடிக்கிறேல்லையோ?"

"வேலை செய்யுதோ எண்டு தெரியாததை நான் ஏன் குடிப்பன்?"

இவர் சிரித்துவிட்டார்.

பிறகுதான் அந்த வினை. இவரும், பரிசோதனையில் கூடவே சேர்ந்திருந்த, பக்கத்து வளவில் இருக்கும் தமையனாரும் தங்கள் மாத்திரைகளை ஒரு சுளகில் கொட்டிக் கலந்து, சரிபாதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒருவருக்கு மா என்றாலும் மற்றவரின் மருந்தில் பாதி கிடைக்குமாம்! அதைப் பெருமையாக அக்காவிடமே சொன்னார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தவர், பிறகு கதிரையில் சாய்ந்து, "இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்கத்தான் வேணும், ஐயா" என்றார்.

"விடுங்கோ பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று இவர் கெஞ்சினார். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு பிழையை மறைத்தால் கூட்டல் முழுவதும் பொய்யாகும் என்பது விளங்கியது. மனம்தான் கேட்கவில்லை.

இருவருக்கும் மாத்திரை நின்றது. ஆனாலும் தவணை தவறாமல் அக்கா வந்து பார்த்தார். இவர் மெலிந்துகொண்டே போனார். "என்ரை ஆயுளை நீர்தான் அறுத்தனீர்" என்று ஏசுவார். ஏச்சைக் கேட்டபடியே அவர் இரத்த அழுத்தம் பார்ப்பார். ஒருநாள் இவர் கேட்டார்:

"குடிச்சிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருப்பனோ?"

ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று, அடுப்படி வாசலில் நின்ற எனக்குத் தோன்றியது.

"தெரியாது, ஐயா."

சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போகவில்லை. நான் வைத்த தேத்தண்ணி ஆறும்வரை இவரின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. அதை அறிய அவர் இல்லை.

செய்தியைச் சொன்னதும் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "எனக்கு முந்திப் போட்டுது, அந்தப் பிள்ளை." பிறகு, "எனக்கு எப்பவாம்?" என்றார்.

வழமையாக, "முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விடுவேன். இவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன என் உடம்புக்கு அந்தச் சொல் தப்பிப்போக ஒரு வாசலாக இருந்தது. அன்று கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"தெரியாதப்பா."

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. நான் எழும்பவில்லை. ரூத் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.