நனையாத சட்டைக்கை

தண்ணீர் சுத்திகரிப்பு அறையின் கதவில், உள்பக்கமாக, என் கண் உயரத்தில் ஓர் அம்பு ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு ஸ்டிக்கர். ஒட்டிய நாளில் ரத்தச் சிவப்பு. இப்போது வெளுத்து ரோஜா நிறமாகி, ஒரு முனை சுருண்டுவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையில் நிற்கும் பெண்கள், துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவது அது. டயாலிசிஸ் பிரிவுக்குள் இது எப்படி வந்தது என்று புதிதாகச் சேரும் நர்சுகள் கேட்பார்கள். யாரோ ஒட்டினது என்பேன். அந்த அம்பு குறிப்பது என்னைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷமாக நான் இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். காந்திபுரத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். விடியற்காலையில் முதல் டவுன் பஸ்ஸில் வந்து இந்த அறைக்குள் நுழைவேன். ஜன்னல் கிடையாது. மூன்று நீலத் தொட்டிகள், ஒரு பம்ப், சுவர் முழுக்கக் குழாய்கள். பம்பைப் போட்டுவிட்டால் வேறு சத்தம் கேட்காது. மனசு பேசுவது மட்டும் கேட்கும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். குடிக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது. ஆனால் இங்கே தண்ணீர் வயிற்றுக்குப் போவதில்லை. ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் தண்ணீர் என்று நான்கு மணி நேரம் உரசிக்கொண்டே ஓடும். குளோரினைப் பிடித்துவைக்கும் கரித்தொட்டி களைத்துப்போய்விட்டால் ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிக்கும். பன்னிரண்டு படுக்கைக்கும் ஒரே தண்ணீர். அதனால் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டு, கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சள் தட்டினால் ஆபத்து. தட்டாவிட்டால் பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்து. தண்ணீர் பிடிக்கும் திருகுகுழாய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு ஜாக்கிரதையாகக் குனிந்தாலும் இடது சட்டைக்கை நனையாமல் எழ முடியாது.

இதற்காகப் பிழைத்தவன் இல்லை நான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதக் குழந்தையாக ஜன்னி கண்டு நீலம் பாரித்துக் கிடந்தபோது, இவன் பிழைத்தால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்துகொண்டாள். பிழைத்தேன். இறையியல் கல்லூரியில் ஒரு வருஷம் படிக்கவும் செய்தேன். அப்பா திடீரென்று போனார். தங்கைகள் இரண்டு பேர். சீக்கிரம் வேலை கிடைக்கும் படிப்பென்று யாரோ சொல்ல, இந்த டிப்ளமோ. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊழியத்துக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. உக்கடம் வீட்டில், நான் யூனிஃபார்முக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் அம்மா முழங்காலில் நின்று சத்தமாக என்னைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கை குலுக்குகிறவர்களும் விடமாட்டார்கள்: “என்னங்க, எப்பத்தான் அங்கி போடப்போறீங்க?” இன்னொருவர் நேர்ந்த நேர்ச்சையில் பிழைத்தவனுக்கு மூச்சுகூட இரவல்தான். அந்த இரவல் மூச்சை ஜன்னலில்லாத அறையில் விட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்முன் ஜெபம் உண்டு. ஒரு வருஷம் படித்தவன் என்பதால் டயாலிசிஸ் பிரிவில் அது என் பங்குக்கு வந்தது. முதலில் மூன்று வரிதான் சொல்வேன். பிறகு அது வளர்ந்தது. பஸ்ஸில் வரும்போதே சொற்களை அடுக்குவேன். உக்கடம் குளத்தின் மேல் கலையாத பனி, பஸ் ஸ்டாண்டில் மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள், எல்லாம் ஜெபத்துக்குள் வந்துவிடும். ராத்திரி முழுக்கத் தாகத்தைப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கும் நோயாளிகள் கண்ணை மூடிக் கேட்பார்கள். யாராவது விசும்புவார்கள். அந்த விசும்பல் எனக்குத் தேன். நான் இருக்க வேண்டிய இடம் இதுதானே என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். ஐந்து நிமிஷம் பத்தாயிற்று, பத்து கால் மணியாயிற்று. அந்தக் கால் மணி நேரம் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் இந்தக் குறிப்பே.

செக்கிங் அம்மணி என்று நாங்கள் கூப்பிட்ட நோயாளி அவிநாசிப் பக்கத்திலிருந்து வாரம் மூன்று நாள் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சிறியவள். சிறுநீரகம் இரண்டும் கெட்டபிறகும், மற்ற மூன்று நாள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கும்பிடுவது வேறு சாமி. ஆனால் என் ஜெபத்துக்கு எல்லோரையும்விட நேராக உட்கார்ந்திருப்பாள். எனக்கு “பாஸ்டரண்ணா” என்று பெயர் வைத்ததும் அவள்தான். “உங்க சாமிக்கு எங்க முட்டிவலியெல்லாம் சொல்லிப்போட்டீங்க, அப்பாருக்கு வர்ற குறட்டையச் சொல்லாம உட்டுட்டீங்களே” என்பாள். அப்பாரு, அதாவது தாத்தா, என்றது எதிர்ப் படுக்கைக்காரரை. அன்னூரில் வாழைத்தோட்டம் வைத்திருந்த கவுண்டரய்யா. முதல் ஊசி தனக்குத்தான் போட வேண்டும் என்பார். அம்மணி எப்போதும் கடைசி ஆள். எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டுத்தான் படுப்பாள்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியின் ஊழியப் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. வார்டு வார்டாகப் போய் நோயாளிகளைச் சந்தித்து, பேசி, ஜெபிக்கிற வேலை. வெளிச்சத்தில் நடக்கிற வேலை. என் ஜெபத்தைப் பற்றி யாரோ சொல்லியிருந்ததால், அந்தப் பிரிவைக் கவனிக்கிற ஆயர் ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் பிரிவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அம்மா முந்தின நாளிலிருந்தே உபவாசம். நான் வாரம் முழுக்க ஜெபத்தைத் தயாரித்தேன். தயாரித்த ஜெபம் என்று எழுதும்போது இப்போது கூசுகிறது.

அன்று பஸ் தாமதம். அறைக்குள் நுழைந்தபோது கால் மணி நேரம்தான் இருந்தது. ஒன்று தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஜெபத்தைச் சொல்லிப் பழகலாம். பதிவேட்டைத் திறந்து, ஐந்து நாற்பது, குளோரின் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பம்பைப் போட்டுவிட்டுத் தொட்டிகளைப் பார்த்து ஜெபித்துப் பழகினேன். அதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொள்ள ஆசை. மூன்றாவது தடவை.

ஜெபம் நன்றாக வந்தது. ஆயர் வாசலருகே தலைகுனிந்து நின்றிருந்தார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துவிட்டது என்று என் நெஞ்சு சொன்னது. கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டு கவுண்டரய்யாவை நோக்கி நடந்தேன்.

“ஏனுங் பாஸ்டரண்ணா,” என்றாள் அம்மணி. “ஜெபம் அருமையா இருந்துச்சுங். தண்ணி பாத்தீங்களாங்?”

“பாத்தாச்சு அம்மணி.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது சட்டைக்கையைப் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தது.

“சரிங். அப்ப இன்னிக்கு எனக்கு மொதல்ல ஊசி போடுங். அப்பாரு, நீங்க சித்த நேரம் பொறுங்.”

கவுண்டரய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் அம்மணி, என்னைக்கும் கடைசியிலதான படுப்பே? நான் இருட்டோட கெளம்பி ரெண்டு பஸ்ஸு மாறி வந்துபோட்டு, உன்ற பின்னால காத்துட்டு இருக்கோணுமா?”

“பத்து நிமிசத்துல உங்க வாழையெல்லாம் எந்திரிச்சு ஓடிப்போயிராதுங். எனக்கு என்னாகுதுன்னு பாத்துபோட்டு, அப்புறமா நீங்க படுங்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆயர்கூடச் சிரித்தார். அவள் படுத்துக் கையை நீட்டினாள். டயாலிசிஸ் நோயாளியின் கையில் ஊசிக்காக ரத்தக்குழாயை அறுவை செய்து தடிக்க வைத்திருப்பார்கள். தொட்டால் பூனை மடியில் கிடந்து உறுமுவதுபோல் அதிரும். விரல் வைத்தேன். அதிர்ந்தது. நான் பார்க்காத தண்ணீரை முதலில் தன் ரத்தத்தோடு ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்கிறாள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஊசி என் கையில். படுக்கையின் கால்மாட்டில் ஆயர். அவருக்குப் பின்னால் அந்த வெளிச்சமான வேலை. உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். சொல்லாவிட்டால் இந்தக் கையில் குத்த வேண்டும். பதினாறு வருஷமாக நான் சிக்கிக்கொண்டிருப்பதாக நினைத்த இடமெல்லாம் மைதானம் என்று தோன்றும்படி அந்த ஒரு நிமிஷம் என்னை நெருக்கியது.

“பாக்கலீங்க,” என்றேன்.

“என்ன தம்பி பாக்கல?” என்றார் கவுண்டரய்யா.

“தண்ணியப் பாக்கலீங்கய்யா. பாத்ததா எழுதிப்போட்டேன்.”

இன்சார்ஜ் சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கவுண்டரய்யாதான் முதலில் வாயைத் திறந்தார்: “அட, போய்ப் பாத்துபோட்டு வாங்க. நாங்க எங்க போகப்போறோம்?”

திரும்ப அறைக்குள் போய், தண்ணீரை ஓடவிட்டு, கால் மணி நேரம் நின்றேன். என் வாயில் அன்று ஒரு சொல்லும் இல்லை. கண்ணாடிக் குழாயில் பிடித்தேன், சட்டைக்கை நனைந்தது. சொட்டு விட்டேன். சுவருக்கு எதிரே தூக்கினேன். நிறம் வரவில்லை. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. நான் பொய்யோடு ஊசி குத்தியிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நிம்மதிக்குப் பதில் ஒரு கசப்பு வந்ததை மறைக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று ஒரு குரல், பம்ப் சத்தத்துக்கு மேலே, தெளிவாகக் கேட்டது.

சிஸ்டர் பதிவேட்டை என் முன் வைத்தார். “ஒரே கோடா போட்டு அடிங்க. கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கோணும். பக்கத்துல இப்ப பாத்த நேரத்தை எழுதுங்க. இனிமே மொதல்ல தண்ணி, அப்புறம்தான் ஜெபம்.” மற்ற இரண்டு நாளையும் அவரிடம் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார். ஆயர் கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, “நல்லா ஜெபம் பண்றீங்க” என்றார். குத்தலே இல்லாமல் சொன்னார். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. நியாயமாகவும் போயிற்று.

மதியம் ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது அம்மணி இன்னொரு கையால் பையைத் துழாவி, ஒரு தாளிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை உரித்தாள். என் இடது சட்டைக்கையில், இன்னும் முழுசாகக் காயாத இடத்தில், ஒட்டினாள்.

“டேமேஜ் பீஸாம்மணி நான்?” என்றேன்.

“அம்பு ஒட்டறது தூக்கி வீசறதுக்கில்லீங்ணா. சரி பண்றவங்களுக்கு எடம் தெரியோணுமல்லங்.” அம்புத்தாளைப் பைக்குள் திரும்பச் செருகினாள். “பாக்காம பாஸ் பண்ணின பண்டல் எனக்குத் தெரியுமுங். நானே பண்ணிருக்கேன். மடிப்பு ரொம்ப நேரா இருக்குமுங். இன்னிக்கு உங்க ஜெபமும் அப்படித்தானுங் இருந்துச்சு.”

சாயங்காலம் அம்மா உபவாசத்தை முடிக்காமல் காத்திருந்தாள். “ஆயர் என்னடா கண்ணு சொன்னாரு?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். “செரி, அடுத்த வருசம் பாக்கலாம், உடு” என்று எழுந்து சோற்றைப் போட்டாள். தன் மகன் அன்று ஏதாவது ஊழியம் செய்தானா என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் அதிகாலை, அடுத்த அறையில் அதே முறையீடு. சட்டையிலிருந்து அம்பைப் பெயர்த்து எடுத்துப்போய் இந்தக் கதவில் ஒட்டினேன்.

ஆறு வருஷம் ஆகிறது. அம்மணி ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு டயாலிசிஸ் மையம் திறந்ததும் அங்கே மாறிக்கொண்டாள். கடைசி நாள் “வாரனுங் பாஸ்டரண்ணா” என்றாள். இருக்கிறாளா என்று நான் விசாரித்ததில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவன் அப்படி விசாரிக்கப் பயப்படுவான்.

என் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுகொண்டேன் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் கதையின் முடிவில் வெளியே வந்திருப்பார்கள். நான் உள்ளேதான் இருக்கிறேன். அதே பம்ப், அதே நீலத் தொட்டிகள், அம்மாவின் அதே முறையீடு. சில காலைகளில் இந்தச் சுவர்களை உதைக்கலாம் போலிருக்கும். ஜெபம் மறுபடி மூன்று வரியாகிவிட்டது. தண்ணீர் ஓடும் கால் மணி நேரத்தில் பன்னிரண்டு படுக்கையையும் ஒவ்வொன்றாக மனசில் நினைத்துக்கொள்கிறேன். அதை ஜெபம் என்று யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் ஆள் இல்லை, அம்பைத் தவிர.

இன்று காலையும் குனிந்து பிடித்தேன், சொட்டு விட்டேன், சுவருக்கு எதிரே தூக்கினேன். நிறம் இல்லை. நேரத்தை எழுதினேன். கதவைத் திறக்கும்போது அம்பின் சுருண்ட முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். கவுண்டரய்யாவுக்கு இப்போது பார்வை மங்கல். இருந்தாலும் நான் பக்கத்தில் போனதும் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது சட்டைக்கையைத் தடவிப் பார்த்தார். ஈரம் விரலில் பட்டது. படுத்துக்கொண்டு கையை நீட்டினார்.