சிமியோனின் நானூறு பங்குகள்

யாழ்ப்பாணக் குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தும் சிமியோனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்திதான். அதனால் இயந்திரங்களோடு வாழ்ந்தார். இருபத்துமூன்று வயதில் கொழும்புக்குப் போய் ஒரு பெயின்ற் கம்பனியில் கலவை இயந்திரம் பார்த்தார். அந்தக் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது தொழிலாளருக்கும் குறைந்த விலையில் கொடுத்தது. மிச்சம் பிடித்த காசில் நானூறு பங்குகள் வாங்கினார். தொண்ணூற்று நாலில் வேலையை விட்டு ஊருக்கு வந்தார். அடுத்த வருடம் போரால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு அந்தப் பங்குப் பத்திரமும் ஒரு பொலித்தீன் பைக்குள் கூடவே போய், கூடவே திரும்பியது.

இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. ஐஸ் தொழிற்சாலையில் வேலை. முப்பது வருடம் கையே வைக்காத பங்குகளை விற்க அவர் முடிவெடுத்தது மனைவி மக்டலீனின் தம்பி பிலிப்புக்காக. பிலிப்புவின் வள்ளத்து இயந்திரம் பழுதாகிவிட்டது. பாசையூரில் நல்ல நிலையில் ஒரு பழைய இயந்திரம் விலைக்கு இருந்தது. பாதிக் காசு சிமியோனுடையது, பிடிபடும் மீனில் அவருக்கும் பங்கு என்று பேச்சு. சனிக்கிழமைக்குள் காசு கட்ட வேண்டும். ஒரு பங்கு எண்ணூற்றுப் பத்து ரூபா போனது. நானூறுக்கு மூன்று லட்சத்து இருபத்துநாலாயிரம். கணக்குச் சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேலைத்தளத்தில் கைபேசியை எடுத்து விலையைப் பார்த்தார். எண்பத்தொன்று என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப்போட்டு மறுபடியும் பார்த்தார். எண்பத்தொன்றுதான்.

கம்பனி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தார். வீட்டில் சொல்லவில்லை. பிலிப்பு கோல் எடுத்து, எல்லாம் சரிதானே அத்தான் என்று கேட்டபோது ஓம் என்றுவிட்டார். புதன்கிழமையும் விலை அப்படியே நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் குணம்போல இருக்கிறது என்று மனைவியிடம் சமாளித்தார்.

அன்று பின்னேரம் கஸ்தூரியார் வீதியில் காணி, வாகனம், பங்கு எல்லாவற்றுக்கும் தரகு பார்க்கும் ஜெரிசனிடம் போனார். ஜெரிசன் பத்திரத்தின் படத்தைச் சிமியோனின் கைபேசியில் பார்த்தான். கணினியில் எதையோ தட்டினான். பிறகு, எண்பத்தொன்றுக்கு இப்போது யாரும் வாங்கமாட்டார்கள் என்றும், ஊர் ஆள் என்பதற்காகத் தான் ஒரு பங்குக்கு நூற்றைம்பது தருவதாகவும் சொன்னான். நானூறுக்கு அறுபதாயிரம். சிமியோனுக்கு அவனைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பங்குகளைக் கைமாற்றும் படிவத்தில் கையெழுத்து வைத்தார். மற்ற இடங்களைத் தான் நிரப்புவதாக ஜெரிசன் சொன்னான். முற்பணமாகப் பத்தாயிரம் கொடுத்து, அசல் பத்திரத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னான்.

வெள்ளி காலை அலுமாரியைத் திறந்து அவர் பொலித்தீன் பையை அவிழ்த்தபோது மக்டலீன் பின்னால் வந்து நின்றாள்.

"என்னத்துக்கு உந்தப் பையை எடுக்கிறியள்?"

மறைக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. மீன் பதனிடும் இடத்தில் இருபது வருடமாக வியாபாரிகள் விலை பேசுவதைக் கேட்டவள் அவள்.

"எண்பத்தொண்டுக்கு ஒருத்தரும் வாங்காத சாமானுக்கு உவன் ஏன் நூற்றைம்பது தாறான்?"

அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் யாழ்ப்பாண நகரில் இருந்த பங்குத் தரகர் நிறுவனத்தின் கிளைக்குப் போனார்கள். அங்கே சாருஜா என்ற இளம் அலுவலர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, உங்களிட்டை எத்தனை பங்கு இருக்கெண்டு நினைக்கிறியள்?"

"நானூறு."

"நானூறு இல்லை, இப்ப நாலாயிரம்."

கம்பனி விழவில்லை. ஒரு பங்கின் விலை சாதாரண ஆட்களால் வாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டதால், ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்திருந்தார்கள். விலை பத்தில் ஒன்றானது, எண்ணிக்கை பத்து மடங்கானது. அவருடைய மொத்தப் பெறுமதி திங்கட்கிழமை இருந்ததுதான். ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறிவித்தல் கடிதம் அவர் தொண்ணூற்று நாலில் விட்டுவந்த வெள்ளவத்தை அறைக்குப் போயிருந்தது. கம்பனி வருடாவருடம் தரும் பங்கிலாபமும் இத்தனை வருடம் அங்கேதான் போனது.

சிமியோன் முதலில் மூச்சு விட்டார். அடுத்த கணமே, கையெழுத்து வைத்த படிவம் ஜெரிசனிடம் இருப்பது நினைவு வந்தது. அதைச் சாருஜாவிடம் சொன்னார். அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்றாள். படிவத்தை உடனே திருப்பி வாங்கச் சொன்னாள். அந்தக் கையெழுத்துச் செல்லாது என்று கம்பனிச் செயலாளருக்கு ஒரு கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்து தந்தாள்.

இருவரும் கஸ்தூரியார் வீதிக்கு நடந்தார்கள். மக்டலீன் முன்னால் போனாள். ஜெரிசன் கதிரையைக் காட்டினான். அவர்கள் இருக்கவில்லை. சிமியோன் பத்தாயிரத்தை மேசையில் வைத்துப் படிவத்தைக் கேட்டார். அது கொழும்புக்குப் போய்விட்டது என்றான் ஜெரிசன். மக்டலீன் வாசலை மறித்தபடி நின்றாள்.

"அப்ப கொழும்புக்குக் கோல் எடும். நாங்கள் நிக்கிறம்."

வேறு இரண்டு பேர் உள்ளே வரப் பார்த்தார்கள். அவள் விலகவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும். ஜெரிசன் மேசை லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்துப் போட்டான். சிமியோன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். புதன்கிழமை வெறுமையாக இருந்த எண்ணிக்கைக் கட்டத்தில் நீல மையால் நாலாயிரம் என்று எழுதியிருந்தது.

"முதலே தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் நானூறு எண்டியள் அண்ணை. நான் நானூறுக்கு விலை சொன்னன்," என்றான் ஜெரிசன், மேசையைப் பார்த்தபடி.

சிமியோன் படிவத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீதியில் நின்று, இதை ஏன் என்னிடம் ஒளித்தீர்கள் என்று மக்டலீன் கேட்டாள். வெட்கம் என்றார்.

ஆனால் சனிக்கிழமைக்குள் காசு வரவில்லை. விற்பதற்கு முதல் பழைய பத்திரத்தை மின்கணக்குக்கு மாற்ற ஆறு கிழமை எடுத்தது. பாசையூர் இயந்திரத்தை வேறொருவர் வாங்கிப்போனார். பிலிப்பு கோபத்தில், யாகப்பர் கோயில் பெருநாள் முடியும்வரை சிமியோன் வீட்டுப் பக்கம் வரவில்லை. விலையும் எழுபத்தேழுக்கு இறங்கியது. பிறகு இரண்டாயிரத்து ஐந்நூறு பங்குகளை விற்று, பழைய பங்கிலாபத்தில் திரும்பக் கிடைத்த கொஞ்சத்தையும் சேர்த்து, மயிலிட்டியில் விலை குறைந்த வேறொரு இயந்திரம் எடுத்தார்கள்.

மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு இருக்கிறது. அதையும் விற்று வலை வாங்குவோம் என்று பிலிப்பு கேட்டுக்கொண்டிருக்கிறான். உன் அக்காவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் சிமியோன்.